கொடை வரி நோட்டை எப்படிப் படிப்பது

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயிலையோ இசக்கியம்மன் கோயிலையோ ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள் ஊருக்குள் போனதும் கேட்கிற கேள்வி, "சாமியோட கதை என்ன?" அடுத்தது, "நீங்க ஏன் கும்பிடுதீங்க?" இரண்டாவதற்கு எந்த ஊரிலும் ஒரே பதில்தான் வரும்: "எங்க தாத்தா காலத்துலருந்து கும்பிடுதோம்." அதை வைத்துக்கொண்டு அரைப் பக்கம்கூட எழுத முடியாது. மதம் சமூகத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் கொடை வரி நோட்டைக் கேளுங்கள். கொடை என்கிற கோயில் திருவிழாவுக்குப் பிரிக்கும் வரியை எழுதிவைக்கும் நோட்டு அது.

கொடைக்குத் தொடக்கமாகக் கால் நடும் கால்நாட்டுக்கு முன்பே ஊர்க்கூட்டம் போட்டு வரி பேசிவிடுவார்கள். உத்தேசச் செலவைத் தலைக்கட்டு எண்ணிக்கையால் வகுத்தால் வரி. 4,00,000 ரூபாய் செலவு, 80 தலைக்கட்டு என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 5,000. நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டில் வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், பழைய பாக்கி, இந்தக் கொடை வரி, வரவு தேதி என்று கோடு போட்டிருக்கும். பார்ப்பதற்குச் சாதாரணக் கணக்கு. ஆனால் யார் இந்தக் கோயிலுக்குச் சொந்தம், யார் இல்லை என்று ஊரே உட்கார்ந்து எழுதிய ஒரே ஆவணம் அதுதான்.

தலைக்கட்டு என்றால் யார் என்று கோயிலுக்குக் கோயில் கேட்டு எழுத வேண்டும். பெரும்பாலும் கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அப்பாவோடு ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டாலும் அவனுக்குத் தனி வரி. ஆகவே ரேஷன் கார்டு எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டால் கணக்கு இடிக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். கணவனை இழந்த பெண்ணுக்குச் சில கோயில்களில் அரை வரி, சிலவற்றில் வரியே கிடையாது. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக் கோயிலுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அது நன்கொடைப் பக்கத்தில்தான் ஏறும். கணவனைப் பிரிந்து பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்ட பெண்ணின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பெண்ணுக்குக் கோயிலில் என்ன இடம் என்று பத்துப் பேரிடம் பேட்டி எடுத்துக் கிடைக்காதது அந்த ஒரு பதிவில் கிடைக்கும்.

பெயர்களில் கவனம் வேண்டும். ஒரே நோட்டில் ஐந்து சுடலைமுத்து, நான்கு இசக்கிமுத்து, மூன்று பேச்சிமுத்து இருப்பார்கள். தகப்பனார் பெயரும் ஒன்றாகவே அமைந்துவிடும், ஏனென்றால் பேரனுக்குத் தாத்தா பெயர். நோட்டு எழுதியவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டப்பெயரையும் எந்த வளவு (வீட்டுத் தொகுதி) என்பதையும் பென்சிலில் குறித்தால்தான் குழப்பம் தீரும். ஊரைவிட்டு வந்த பிறகு இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

மும்பை, சென்னை, திருப்பூர் என்று போனவர்களின் பெயரும் உள்ளூர்க்காரர் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். தாராவியில் 40 வருஷமாகக் குடியிருப்பவர் வரிக்காரர். கோயிலுக்கு அடுத்த வீட்டில் 40 வருஷமாகக் குடியிருப்பவர் வரிக்காரர் இல்லை. கோயில் என்கிற கூட்டமும் ஊர் என்கிற கூட்டமும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. சடங்கில் சமூகம் தன்னையே ஒன்றாக்கிக் கொண்டாடுகிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1912இல் சொன்னதை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். கொடையைப் பார்த்தால் அதில் உண்மை இருப்பது தெரியும். ஆனால் யாரை வெளியே நிறுத்தி அந்த ஒற்றுமை உண்டாகிறது என்பதை வரி நோட்டுதான் சொல்லும். பழைய பாக்கி என்பது வறுமை. "வரி வாங்கல" என்பது தண்டனை. ஒருவர் பணத்தை நீட்டியும் கோயில் வாங்க மறுத்தால், அவரை விலக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து எழுதினால் ஆய்வே தப்பாகிவிடும்.

அடுத்து செலவுப் பக்கம். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, மேளம், பந்தல், பூ, கிடா என்று இருக்கும். மகுடம் என்கிற தோல்கருவியை அடித்து ஆடும் கணியான் இல்லாமல் சுடலை கொடை சிறக்காது என்பார்கள். ஆனால் அவருக்குக் கிடைப்பது கூலி. வரி கொடுப்பது உரிமை, கூலி வாங்குவது வேலை, நேர்ச்சை என்னும் வேண்டுதலைச் செலுத்துவது தனி ஆளுக்கும் சாமிக்கும் உள்ள பேச்சு, திருநீறும் மாலையும் யாருக்கு முதலில் என்பது மரியாதை. இந்த நான்கையும் நான்கு தனித் தாளில் எழுதுங்கள். சாதி எங்கே நிற்கிறது என்று யாரிடமும் கேட்க வேண்டிய தேவை இருக்காது.

பழைய நோட்டுகள் கிடைத்தால் 2003, 2004 ஆண்டுகளை விடாதீர்கள். விலங்கு, பறவை பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் அரசு கெடுபிடியாக அமல்படுத்தி, எதிர்ப்புக்குப் பின் 2004இல் நீக்கியது. அந்தக் கொடையில் கிடாச் செலவு நின்றதா, வேறு பெயரில் எழுதப்பட்டதா, பிறகு திரும்பி வந்ததா என்று பாருங்கள். மண் பீடத்தை எடுத்துவிட்டுக் கற்சிலை வைத்தது, கும்பாபிஷேகம் நடத்தியது எல்லாம் இதே பக்கங்களில்தான் தெரியும். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1952இல் குடகைப் பற்றி எழுதிய நூலில் பேசிய, மேல்சாதி வழக்கங்களைக் கைக்கொள்ளும் சமஸ்கிருதமயமாதல் இங்கே சிமெண்ட் மூட்டைக் கணக்காக இருக்கும்.

வரி நோட்டை மட்டும் நம்பினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம் என்பதும் உண்மை. பங்குனி உத்திரத்தன்று அதே குடும்பம் சாஸ்தா கோயிலுக்குப் போகும். ஒரே சாஸ்தாவுக்குப் பல சாதிக்காரர்கள் வந்து தனித்தனியாகப் பொங்கல் வைப்பார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குவியும் கூட்டத்தை எந்த நோட்டிலும் அடைக்க முடியாது. பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு நேர்ச்சை கொண்டுபோகும் இந்துக்களும் அப்படித்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மதக் கட்டம் இவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கதையைக் கடைசியில் கேளுங்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டன் கதையை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்து 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பிராமணனான பட்டன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் சக்கிலியர் வீட்டுப் பெண்கள். அவர்கள் பிறப்பில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கண்டெடுத்து வளர்த்தார்கள் என்று திருப்புகிற பாடமும் (கதை வடிவமும்) உண்டு. எந்தப் பாடம் சரி என்று முடிவுகட்ட வேண்டாம். எந்தக் கோயிலில், யார் வரி கொடுத்த கொடையில், எந்தப் பாடம் பாடப்படுகிறது என்று எழுதுங்கள். வரி நோட்டை முதலில் படித்தவருக்குத்தான் அது கண்ணில் படும். இடையன்குடியில் இருந்த கிறித்தவ மிஷனரி கால்டுவெல் 1849இல் இந்த வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே எழுதினார். ஆட்டத்தை அவர் கூர்ந்து பார்த்தார்; அதைத் தாங்கி நிற்கும் கணக்கு வழக்கைப் பார்க்கவில்லை.

நோட்டைப் படமெடுக்க அனுமதி கேட்கும்போது பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள், கூட்டத்தில் கேளுங்கள். கோயில் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தால் இரண்டு நோட்டு இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். அட்டையிலிருந்து கடைசித் தாள் வரை, வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் பென்சில் எழுத்து மறைந்துவிடும். அச்சில் போகும்போது பெயர்களை எண்ணாக மாற்றிவிடுங்கள், பாக்கி வைத்தவர் பெயர் வெளியே வரக் கூடாது. பழைய நோட்டுகள் கோயில் பெட்டிக்குள் எண்ணெய்க் குப்பியோடு கிடந்து கறையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எடுத்த படங்களை அச்சிட்டு, தைத்து, ஒரு பிரதியை அந்தப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.