சாமி இல்லாத கோயிலில் கல்யாணி

லண்டன் ஓல்டு ஸ்ட்ரீட்டில் இருக்கும் செயின்ட் லூக்ஸ் தேவாலயத்தில் இப்போது ஆராதனை நடப்பதில்லை. 2003ஆம் ஆண்டிலிருந்து லண்டன் சிம்பொனி இசைக்குழு அதைத் தன் ஒத்திகைக் கூடமாகவும் சிறிய கச்சேரி அரங்காகவும் வைத்திருக்கிறது. மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் என் மனைவியும் அங்கே கச்சேரி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். சோமனூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்து, பிறகு கல்யாண மண்டபங்களில் ஒலிபெருக்கி வழியாகவே சங்கீதம் கேட்டுப் பழகிய எங்களுக்கு, மைக்கே இல்லாத இசை எப்படி இருக்கும் என்பது அந்தக் கட்டடத்தில்தான் தெரிய வந்தது.

கட்டடத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிக்கோலஸ் ஹாக்ஸ்மூர், ஜான் ஜேம்ஸ் என்ற இருவர் வடிவமைத்து 1733இல் கட்டி முடித்த தேவாலயம் அது. கோபுரத்தின் உச்சியில் வழக்கமான கூம்புக்குப் பதிலாக எகிப்து நாட்டுத் தூணைப் போன்ற ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பார்த்தவுடன் பிடித்துப்போகும் கோபுரம் என்று சொல்ல மாட்டேன். நிலம் இளகி அடித்தளம் இறங்கிக்கொண்டே போனதால் 1959இல் கோயிலை மூடிக் கூரையைப் பிரித்துவிட்டார்கள். ஞானஸ்நானத் தொட்டியும் ஆர்கன் பெட்டியும் பக்கத்திலிருந்த செயின்ட் கைல்ஸ் தேவாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் பின் சுமார் நாற்பது ஆண்டுகள் நான்கு சுவர்கள் மட்டும் வெயிலிலும் மழையிலும் நின்றன. அரங்காக மாற்றத் தொடங்கியபோது நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டிருந்த 1,000க்கும் மேற்பட்ட உடல்களை எடுத்து வேறு கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்த பிறகே மற்ற வேலைகள் நடந்தன.

இதையெல்லாம் சொன்னபோது என் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏனுங்க, சாமி இல்லீன்னாலும் கோயல் கோயல்தானுங்களே, செருப்பக் கழட்டோணுமா வேண்டாமா?" என்றாள். அந்தக் கேள்வி நியாயமானது. எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்கு எல்லா மதத்தவரும் போவார்கள், செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே நுழைவோம். இங்கேயோ எல்லாரும் காலணியோடு, கையில் காப்பிக் கோப்பையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவளும் காலணியோடுதான் வந்தாள், ஆனால் கச்சேரி முடியும்வரை கால்மேல் கால் போட்டு உட்காரவில்லை.

உள்ளே பழைய செங்கல் சுவர்களைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். புதிய கூரையைத் தாங்குவதற்குக் கிளை விரித்த மரங்களைப் போல இரும்புத் தூண்களை எழுப்பியிருக்கிறார்கள். தெருவில் ஓடும் இரட்டை மாடிப் பேருந்தின் இரைச்சல் உள்ளே வருவதில்லை. கட்டடத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் பூமிக்குள் ஆழ்துளைக் குழாய்களை இறக்கியிருப்பதாக அறிந்தபோது, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் தண்ணீருக்காக மட்டுமே துளை போடும் ஊரிலிருந்து வந்தவன் என்ற முறையில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டின் பயன் பெரிது: விசிறிச் சத்தம் இல்லை. நம் மண்டபங்களில் தலைக்கு மேல் சுற்றும் விசிறிகளை வெல்வதற்காகவே மைக்கின் ஒலியை ஏற்றுகிறோம். ஏற்றிய ஒலி மொட்டைச் சுவரில் மோதித் திரும்ப, அதையும் வெல்ல இன்னும் ஏற்றுகிறோம்.

அங்கே கேட்டவற்றுள் மனத்தில் ஆழப் பதிந்தது பீத்தோவனின் ஏ மைனர் குவார்ட்டெட், 132ஆம் எண் படைப்பு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, அவ்வளவுதான். 1825இல் கடுமையான வயிற்று நோயிலிருந்து தேறிய பிறகு அவர் எழுதியது. அதன் நடுவில் வரும் மெதுவான பகுதிக்கு, நோயிலிருந்து மீண்டவன் இறைவனுக்குச் செலுத்தும் நன்றிப் பாடல் என்று அவரே தலைப்பிட்டிருக்கிறார். அந்தப் பகுதி லிடியன் என்ற பழைய தேவாலய முறையில் அமைந்தது. அதாவது, நம் கணக்கில் சொன்னால், பிரதி மத்யமம் (சற்று உயர்ந்த 'ம') ஏறிய கல்யாணி ராகத்தின் ஏழு சுரங்கள். ஆனால் சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் ஒரு பொட்டுக்கூட இல்லை. ஒவ்வொரு சுரமும் நேராக வந்து நேராக நின்று, அடுத்த சுரத்துக்கு இடம் விட்டு விலகுகிறது. கல்யாணி என்று காது பிடித்துக்கொள்ளப் பார்க்கும், பிடி கிடைக்காது. சுமார் கால் மணி நேரம் இந்த இழுபறி நடந்தது. நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்ததால், வில் தந்தியில் படுவதற்குச் சற்று முன் முதல் வயலின்காரர் மூச்சை இழுப்பதும், செல்லோவின் தடித்த தந்தியில் வில் உரசத் தொடங்கும் கரகரப்பும் தெளிவாகக் கேட்டன. ஒலிபெருக்கி வைத்திருந்தால் முதலில் தொலைந்திருப்பவை இவைதாம்.

அந்த நீண்ட சுரங்களுக்குச் சுவர்கள் செய்த உதவிதான் இத்தகைய கட்டடங்களைத் தேடிப் போவதற்குக் காரணம். ஒலி நின்ற பிறகும் அறைக்குள் மோதி மோதித் தேய்ந்து அடங்குவதை எதிர்முழக்கம் என்கிறார்கள். 1895 வாக்கில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம், யார் பேசினாலும் புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பேசிய சொல் அங்கே ஐந்து நொடிக்கும் மேலாக அடங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து, காதையும் கடிகாரத்தையும் மட்டுமே நம்பி அளந்து, அறையின் கொள்ளளவு கூடினால் எதிர்முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் அது குறையும் என்ற விதியை அவர் நிறுவினார். தேவாலயம் உயரமானது, சுவர் கெட்டியானது; எனவே ஒலி நீள்கிறது. வந்து உட்காரும் மனிதர்களும் அவர்களுடைய கம்பளிக் கோட்டுகளும் ஒலியை உறிஞ்சுகின்றன. எனவே அளவோடு நிற்கிறது.

இதனால் தேவாலயம் எல்லா இசைக்கும் ஏற்ற இடம் என்று ஆகிவிடாது. மிருதங்கத்தில் விரைந்து வரும் தீர்மானத்தை, அதாவது முடிப்பதற்காக வாசிக்கும் சொற்கட்டை, அங்கே வாசித்தால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக் குழம்பிவிடும். பேரூர் கனகசபையில் ஓதுவார் மைக் இல்லாமல் தேவாரம் பாடும்போது நிறைவாக இருக்கிறது. அதே கல் மண்டபத்தில் நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து முழங்கினால் வெளிப் பிரகாரத்துக்கு வந்துதான் நன்றாகக் கேட்க முடிகிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் செயின்ட் ஜான்ஸ் ஸ்மித் ஸ்கொயர் என்ற இன்னொரு பழைய தேவாலயத்துக்கும் போயிருக்கிறோம். 1728இல் முடிந்து, 1941 குண்டுவீச்சில் எரிந்து, 1969இல் அரங்காகத் திறக்கப்பட்டது. நான்கு மூலையிலும் நான்கு கோபுரங்கள். ஆன் அரசி தன் கால்மணையை உதைத்துக் கவிழ்த்து "இப்படிக் கட்டு" என்றாள் என்றொரு கதை உலவுகிறது. வெள்ளைத் தூண்களோடு கம்பீரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு லூக்ஸின் செங்கல்லே பிடித்தது.

கோயம்புத்தூரில் இப்படி மாற்றத் தேவாலயம் எதற்கு? இங்கே அவை ஞாயிறுதோறும் நிரம்புகின்றன, நிரம்பட்டும். நம்மிடம் சும்மா கிடப்பவை பழைய பஞ்சாலைகளும், பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் கிடங்குகளுமே. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், பார்லியை முளைகட்டி உலர்த்தி மால்ட் தயாரித்த ஸ்நேப் என்ற இடத்துப் பழைய கட்டடத்தை இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1967இல் அரங்காக்கினார். இரண்டே ஆண்டில் அது எரிந்துபோக, மறு ஆண்டே திரும்பக் கட்டினார்கள். அவிநாசி சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும், தடித்த சுவரும் இருபதடிக்கு மேல் உயரமும் கொண்ட ஒரு கிடங்கில் தெரிந்தவர் அனுமதியோடு நானும் கை தட்டிப் பார்த்தேன். சுவர் நன்றாகத்தான் பதில் சொல்கிறது. தடை கூரைதான்: தகரத்தை எடுத்துவிட்டுக் கனமான கூரை போடாவிட்டால், ஐப்பசி மழை பிடிக்கும் நாளில் எந்தக் கச்சேரியும் அங்கே நடக்காது.