புகை படிந்த சுவரில் பூத்தவை: ஸாலிபியே நாட்குறிப்பு

2023 மே 30, செவ்வாய்

தெற்குப் போலந்தின் தார்னூவ் நகரிலிருந்து வடக்கே சுமார் 30 கி.மீ. பயணம் செய்து, ஸாலிபியே என்னும் சிற்றூருக்கு இன்று வந்து சேர்ந்தேன். வயல்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கும் வீடுகளின் சுவர், சன்னலோரம், கிணறு, நாய்க்கூண்டு வரை எங்கும் பூக்கள். இத்தனைக்கும் மூலம் அடுப்புக்கரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இங்குள்ள குடியானவர் வீடுகளில் புகைபோக்கி கிடையாது; அறைக்குள்ளேயே சுழன்ற புகையால் சுவர்கள் கறுத்துப்போக, பெண்கள் அந்தக் கறுப்பின்மேல் சுண்ணாம்பைத் திட்டுத் திட்டாக அப்பி வைத்தார்கள். புகைபோக்கி வந்து சுவர் வெளுத்த பிறகு, அந்தத் திட்டுகள் இருந்த இடத்தில் பூங்கொத்துகள் மலர்ந்தன.

மே 31, புதன்

இவ்வூரின் சுவரோவியப் பெண்மணி ஃபெலித்சியா ட்சுரிவோவாவின் வீட்டைப் பார்த்தேன். 1904இல் பிறந்த இவர் 1974இல் மறையும்வரை வரைந்தார். வீடு இப்போது அருங்காட்சியகம். உள்ளே அடுப்பின் வெள்ளைப் பரப்பிலும் பூ ஏறியிருக்கிறது. சோறு பொங்கும் இடத்தையும் விட்டுவைக்காத அந்தக் கையை நினைத்து வெகுநேரம் நின்றேன். போரில் நொந்த மக்களுக்குத் தெம்பூட்ட 1948இல் வீடுகளுக்கான ஓவியப் போட்டி தொடங்கியது; அது இன்றும் நடக்கிறது. ட்சுரிவோவாவின் பெயர் நிலைத்தது நியாயமே. ஆனால் அவருக்கு முன்னும் பின்னும் வரைந்த எத்தனையோ பெண்கள் தம் சுவரில் கையொப்பம் இட்டதில்லை என்பது என்னை வருத்துகிறது.

ஜூன் 1, வியாழன்

அடுத்த வியாழக்கிழமை கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா. அதையொட்டிய வார இறுதியில்தான் போட்டி என்பதால் ஊரே தூரிகையும் கையுமாக இருக்கிறது. ஒரு வீட்டின் முன்னால் மூதாட்டி ஒருவர் சன்னலுக்கடியில் குந்தி வரைந்துகொண்டிருந்தார். இப்போது கடைச்சாயமும் கடைத்தூரிகையும்தான் என்றார். அவருடைய பாட்டி காலத்தில் பசுவின் வால்மயிரைக் குச்சியில் கட்டித் தூரிகை செய்வார்களாம், கரியையும் களிமண்ணையும் பாலில் குழைப்பார்களாம், மாவுருண்டை வெந்த கொழகொழப்பான நீரும் பசையாக உதவுமாம். மாதிரிப்படம் எதையும் அவர் வைத்திருக்கவில்லை. சென்ற ஆண்டு வரைந்த பூவிதழ் மழையில் வெளுத்துக் கோடாக மட்டும் எஞ்சியிருந்தது. அந்தக் கோட்டின்மேலேயே சிவப்பை ஏற்றி, நடுவில் கட்டைவிரலால் மஞ்சளை ஒற்றிவிட்டு, அடுத்த பூவுக்கு நகர்ந்தார்.