சிட்டத்தில் மயில், காலில் வரிக்குதிரை

கையால் சாயம் தோய்த்த கம்பளி நூல் வீட்டுக்கு வந்த அன்று யாரும் பின்னுவதில்லை. சிட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பது, மோந்து பார்ப்பது (லேசாக வினிகர் வாசம் அடிக்கலாம்), கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பது, சாயம் போட்டவர் அந்த நிறத்துக்குச் சூட்டியிருக்கும் கவிதைப் பெயரை வீட்டுக்கே கேட்கும்படி வாசிப்பது என்று அன்றைய பொழுது போய்விடும்.

"விடியலுக்கு முந்தைய ஏரி."

"பச்சைதானே?"

"பச்சை இல்லை. ஏரி."

"சரி, பச்சை ஏரி."

மறுநாள்தான் வினை ஆரம்பம். சிட்டம் என்பது முறுக்கி மடித்த பெரிய வளையம். அதிலிருந்து நேராகப் பின்னப் போனால் பத்து வரிசைக்குள் இடியாப்பச் சிக்கல். முதலில் கண்டாகச் சுற்றியாக வேண்டும். குடை மாதிரி விரிந்து சுழலும் ஸ்விஃப்ட் இருந்தால் கவலை இல்லை. இல்லாத வீட்டில் இரண்டு கை வேண்டும், அதுவும் அடுத்தவர் கை. "பத்தே நிமிஷம், சும்மா கையை நீட்டிட்டு உட்காரு" என்பார்கள். நம்பி உட்காருகிறவருக்குக் கணக்கு தெரியாது. 100 கிராம் சாக்ஸ் நூல் சுமார் 400 மீட்டர், வளையத்தின் சுற்றளவு ஒன்றரை மீட்டர் என்றால் 266 சுற்று. நடுவில் மூக்கு அரிக்கும். அரித்தே தீரும்.

வளையம் கலையாமலிருக்க மூன்று நான்கு இடங்களில் குறுக்கே கட்டுப் போட்டிருப்பார்கள். வளையத்தைக் கையிலோ நாற்காலி முதுகிலோ மாட்டி, விறைப்பாக்கி, இழைகளை நேராக்கிய பிறகுதான் அவற்றை வெட்ட வேண்டும். ஆர்வக்கோளாறில் முதலிலேயே வெட்டியவர்கள் அன்று ராத்திரி தரையில் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் யாரும் பேச்சுக் கொடுக்காமலிருப்பது நல்லது.

சுற்றி முடித்ததும் விரலைப் பாருங்கள். அவுரி நீலம் என்றால் விரல் நீலமாவது சகஜம். அந்தச் சாயம் இழையின் மேற்பரப்பிலேயே அதிகம் தங்குவதால் உரசினால் வரும். கம்பளிக்குப் போடும் அமிலச் சாயம் அப்படிக் கையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால், சூடோ புளிப்போ பற்றவில்லை, அல்லது இழை ஏற்கிற அளவுக்கு மேல் சாயம் கொட்டியிருக்கிறார்கள், அல்லது கடைசியில் சரியாக அலசவில்லை. ஒரு சாண் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும் இந்தச் சோதனையில் அடிக்கடி மாட்டுகிற பேர்வழிகள். சாயம் வெளுத்துவிட்டால் திரும்பச் சிட்டமாக்கித் தளரக் கட்டுங்கள். 100 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரில், கொதிக்க விடாமல் 85 டிகிரி அளவில் அரை மணி நேரம் வைத்து, அதே தண்ணீரில் ஆற விட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். சமையலுக்கு எடுக்காத பாத்திரம் வேண்டும். இதைச் செய்யாமல் சிவப்பும் வெள்ளையும் கோடு போட்டுப் பின்னியவர், முதல் சலவைக்குப் பிறகு "ரோஸ்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லப் பழகிக்கொள்வார்.

இனி டிசைன். வடிவமைப்பாளரின் படத்தில் இருக்கும் இலையும் பூவும் கண்ணைப் பறிக்கும். அது ஒரே நிறத்தின் சாயைகள் மட்டும் ஓடும் அடக்கமான நூல் என்பது, நம் கையில் ஆறு நிறம் குதிக்கும்போது ஞாபகத்துக்கு வருவதில்லை. நாற்பது வரிசை லேஸ் பின்னியபின் இலையும் தெரியாது, பூவும் தெரியாது. யாரோ சாயத்தைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கும். லேஸுக்கும் சடை மாதிரி முறுக்கி ஓடும் கேபிளுக்கும் அடக்கமான நூல், குதிக்கிற நூலுக்கு வெறும் பின்னல். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

வெறும் பின்னலிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சிட்டத்தில் மயில் கழுத்தாக மின்னிய நூல் சாக்ஸில் வரிக்குதிரையாகி நிற்கும். சாயம் போட்டவரைத் திட்டிப் பயனில்லை. வளையத்தின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை என்று தோய்த்திருந்தால், ஒவ்வொரு 150 சென்டிமீட்டருக்கும் அதே நிறம் அதே வரிசையில் திரும்ப வரும். 20 கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) பின்னி, பிரித்து, அந்த நூலை அளந்து 20-ஆல் வகுங்கள். கண்ணிக்கு 1.1 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிறங்கள் 136 கண்ணிக்கு ஒருமுறை திரும்புகின்றன. சாக்ஸின் ஒரு சுற்று 64 கண்ணி என்றால் இரண்டு சுற்றுக்கு 128. மிச்சம் எட்டு கண்ணி. ஆக, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நீலம் எட்டு கண்ணி நகரும். பதினாறு பதினேழு சுற்றில் பாம்பு மாதிரி காலை ஒரு வலம் வந்துவிடும். இதையே 68 கண்ணியில் போட்டால் இரண்டு சுற்றுக்குச் சரியாக 136. நீலம் நகராது, ஒரே இடத்தில் கம்பம் நட்ட மாதிரி மேலே ஏறிக்கொண்டே போகும். நாலு கண்ணிதான் வித்தியாசம்! குதிகால் மடலுக்கு வந்ததும் வரிசை 32 கண்ணியாகச் சுருங்க, வேறொரு ஆள் பின்னிய மாதிரி நிறங்கள் புதிதாக அணிவகுக்கும்.

பிடிக்கவில்லையென்றால் கண்ணி எண்ணிக்கையை மாற்றலாம், கால் இடம் கொடுத்தால். அல்லது ஒன்று விட்டு ஒன்று கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்குத் தள்ளிவிடும் பின்னலைப் போடலாம். கீழ்வரிசை நிறம் மேலே ஏறி, கட்டுக்கோப்பு கலையும். கண்டின் உள்முனையையும் வெளிமுனையையும் சுற்றுக்கு ஒன்றாக மாற்றிப் பின்னுவதும் உதவும். இரண்டு நூலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

சால்வைக்காரர்களின் வியாதி வேறு. முனையில் தொடங்கி அகன்றுகொண்டே போகும் முக்கோணத்தில் பாதி வரிசை முடிந்ததும் தராசில் வைத்தால், 100 கிராமில் 25 தான் தீர்ந்திருக்கும். "இன்னொன்றே பின்னலாம் போல" என்று குஷியாகிவிடுவார்கள். அகலம் கூடக் கூட ஒவ்வொரு வரிசையும் அதிகம் தின்னும். முக்கால் பாகம் வரிசைகூட ஆகாமல், 71-வது சதவீதத்திலேயே பாதி நூல் காலி. விளிம்பு முடிக்க மட்டும் அதன் அகலத்தைப் போல நான்கு மடங்காவது நூல் ஒதுக்கி வைக்க வேண்டும். தீர்ந்தபின் அதே பெயரில் இன்னொரு சிட்டம் வாங்கினால், அது வேறு நாள், வேறு பாத்திரம். ஏரியில் மழை பெய்து கலங்கியிருக்கும். முதலிலேயே இரண்டாக வாங்கி, இரண்டு வரிசைக்கு ஒன்று என்று மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கரைந்துபோகும். ஒட்டுப் போடும்போது எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்க்கும் பழைய வித்தை இந்தச் சாக்ஸ் நூலில் பலிக்காது. சுருங்காமலிருக்கப் பதப்படுத்தி, ஒன்றோடொன்று கொக்கி போடும் செதில்களை மழித்த கம்பளி இது. ஊசியில் கோத்து ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துத்தான் இணைக்க வேண்டும்.

இத்தனையும் தாண்டி ஒரு சாக்ஸ் முடிந்து, இரண்டாவதை அதே நிறத்தில் ஆரம்பித்து, அதுவும் முடிந்து, ஜோடியாக மேஜையில் வைத்ததும் அன்று கை நீட்டி உட்கார்ந்தவர் வருவார்.

"இதுல நீலத்துக்கு அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள். அதுல நீலத்துக்கு அப்புறம் மஞ்சள் வருதே?"

ஒன்றைக் கண்டின் வெளிமுனையிலிருந்தும் மற்றதை உள்முனையிலிருந்தும் பின்னியதன் பலன். தராசில் நிறுத்தி 50 கிராமாக இரண்டு கண்டு சுற்றி, இரண்டையும் வெளியிலிருந்தே எடுத்திருந்தால் போதும். சுற்றுவதற்கு மறுபடியும் அவர் கைதான் வேண்டியிருந்திருக்கும்.