5 வேலை நாள் 19 நாளானது

அண்ணனும் அண்ணியும் அமெரிக்காவில் வசிக்கிறார்கள். இருவரும் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைதாரர்கள். மதுரைக்கு அருகே ஒரு சிறப்புத் தத்து மையத்தில் வளர்ந்த ஐந்து வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்து அழைத்துப் போயிருக்கிறார்கள். அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. எனக்கு மனம் இன்னும் ஆறவில்லை. இதே வழியில் போகப்போகிற குடும்பங்களுக்காக எழுதுகிறேன். குழந்தையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால் பாப்பா என்றே சொல்கிறேன்.

காராவில் (மத்தியத் தத்து வள ஆணையம்) பதிவு, தத்தெடுப்போரின் வீட்டுச் சூழலைப் பார்க்க அமெரிக்காவில் நடந்த வீட்டாய்வு, அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் ஒப்புதல், காராவின் தடையில்லாச் சான்று எல்லாம் மெதுவாக நடந்தன, ஆனால் ஒழுங்காக நடந்தன. மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணையும் இரண்டு மாதக் கெடுவுக்குள் வந்துவிட்டது. ஐந்து வார விடுப்பில் அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கினார்கள். மீதி இருந்தவை பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தத்து சர்வதேச விதிகளின்படி நடந்தது என்று காரா தரும் இணக்கச் சான்று, டெல்லியில் விசா. விடுப்புக்குள் முடிந்துவிடும் என்று நம்பித் திரும்பும் டிக்கெட்டையும் எடுத்திருந்தார்கள்.

பிறப்புச் சான்றிதழுக்காகப் பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு மையத்தின் சமூகப் பணியாளரோடு நான் போனேன். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். எழுத்தர் ஆணையை முன்னும் பின்னும் புரட்டினார். "இது கலெக்டர் ஆணை. கோர்ட் தீர்ப்பு எங்கே?" என்றார். 2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணை பிறப்பிப்பது நீதிமன்றம் இல்லை, மாவட்ட ஆட்சியர்தான் என்று பணியாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "எங்களுக்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை" என்று சொல்லி எழுத்தர் மனுவையே வாங்க மறுத்துவிட்டார். மனுவை வாங்கினால்தானே அதில் தேதி விழும், சான்றிதழ் தருவதற்கான ஐந்து வேலை நாள் கெடு ஓடத் தொடங்கும்!

இரண்டாம் முறை போனபோது முடிவெடுக்க வேண்டிய அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். பன்னிரண்டு மணி வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அதன் பிறகுதான் அதைச் சொன்னார்கள்.

மூன்றாம் முறை வெறுங்கையோடு போகவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்தையும் 2022 தத்து ஒழுங்குமுறைகளையும் அரசிதழிலிருந்து அச்செடுத்துக்கொண்டேன். தத்துப் பெற்றோரின் பெயரைப் பெற்றோர் பெயராகவே எழுதி, ஆணையில் உள்ள பிறந்த தேதியோடு, ஐந்து வேலை நாளுக்குள் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று ஒழுங்குமுறைகளில் தெளிவாக இருக்கிறது. அந்த வரிகளுக்கு மஞ்சள் கோடு போட்டேன். மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகிலிருந்தும் ஒருவர் கூட வந்தார். அதிகாரி இரண்டு நிமிடம் படித்தார். மனுவை வாங்கி ஒப்புகைச் சீட்டு கொடுத்தார். பிறகு அந்த மஞ்சள் கோட்டுத் தாளைக் கேட்டு வாங்கி எழுத்தரிடம் நீட்டி, "மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்" என்றார். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

சான்றிதழ் வந்தபோது வேறொரு தலைவலி. அண்ணனின் பாஸ்போர்ட்டில் எங்கள் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக முழுதாக இருக்கிறது. சான்றிதழில் அதை ஓர் எழுத்து இனிஷியலாகச் சுருக்கிவிட்டார்கள். நம் ஊரில் இனிஷியல் யாரையும் உறுத்தாது. விசா அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஆளாகத் தெரியும். திருத்தத்துக்காக நான்காம் முறை பஸ் ஏறினேன். மனு கொடுக்கும்போதே பெற்றோரின் பாஸ்போர்ட் நகலை இணைத்து, "இதில் உள்ளபடியே" என்று எழுதிக் கொடுங்கள். ஆட்சியர் ஆணையின் சான்றிட்ட நகல்களையும் கூடுதலாக வாங்கி வையுங்கள். முதல் நாள் போனதிலிருந்து சரியான சான்றிதழ் கைக்கு வர 19 நாள்.

டிக்கெட்டை மாற்றியதில் பணம் போனது, அண்ணன் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். அதையெல்லாம் மறந்துவிடலாம். மறக்க முடியாதது நாங்கள் செய்த தவறு. பாப்பா வீட்டுக்கு வந்த முதல் வாரமே, ஆசையில், நாட்காட்டியில் ஒரு தேதியைக் காட்டி "அன்றைக்கு விமானத்தில் போகிறோம்" என்று சொல்லிவிட்டோம். மறுநாளிலிருந்து காலையில் எழுந்ததும் தன் நீலப் பையில் சீப்பு, இரண்டு கவுன், பாதி பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். சொன்ன தேதி வந்தது, போனது. அவள் அழவில்லை. அதற்குப் பிறகு பையைத் தொடவே இல்லை. அதைப் பார்த்துத்தான் அண்ணி சமையலறையில் நின்று அழுதார். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கையில் வரும்வரை குழந்தையிடம் தேதி சொல்லாதீர்கள். உறவினர்களையும் சொல்ல விடாதீர்கள்.

மையத்தில் பராமரிப்பு அம்மாக்கள் முறை வைத்து வேலைக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் இரவு அவள் அண்ணியிடம், "நீங்கள் இரவு டியூட்டியா? காலையில் எந்த அம்மா வருவார்கள்?" என்று கேட்டாள். "காலையிலும் நான்தான்" என்றார் அண்ணி. அடுத்த இரவும் கேட்டாள். இரண்டு வாரம் போல அதே கேள்வி, அதே பதில். பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

கட்டிலில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மையத்தில் வரிசையாகப் பாய் விரித்து மற்றக் குழந்தைகளோடு படுத்துப் பழகியவள். கூடத்தில் பாய்களை விரித்து அம்மா, அண்ணன், அண்ணி, நான் எல்லோரும் வரிசையாகப் படுத்தோம். அன்றுதான் விடியும்வரை தூங்கினாள். அவள் போர்த்தியிருந்த பழைய துண்டை மையத்தில் கேட்டு வாங்கி, வாசனை போகாமல் இருக்கத் துவைக்காமலே வைத்திருந்தோம். அதுவும் உதவியது. அவள் எப்படித் தூங்குவாள், எதைப் பார்த்துப் பயப்படுவாள், யாரோடு ஒட்டிக்கொண்டிருப்பாள் என்பதெல்லாம் குழந்தை ஆய்வறிக்கையில் அவ்வளவாக இராது. பராமரிப்பு அம்மாக்களிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை பாரதி உலா சாலையில் உள்ள பாஸ்போர்ட் அலுவலகத்தில் வேலை ஒரே காலையில் முடிந்தது. இணக்கச் சான்றும் விசாவும் தொல்லையில்லாமல் வந்தன. இனி இரண்டு ஆண்டுக்கு, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று சொல்லும் தொடர் அறிக்கைகள் உண்டு, முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் அறிக்கை போய்விட்டது.

இரண்டாம் முறை தேதியை முந்தின நாள் மாலையில்தான் சொன்னோம். நம்பாமல் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பாஸ்போர்ட்டைத் திறந்து அவளுடைய படத்தைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்கே பாய் இருக்குமா?" என்று கேட்டாள். அன்றிரவே கடைக்குப் போய்ச் சின்னதாக ஒரு கோரைப்பாய் வாங்கிச் சுருட்டிக் கட்டினோம். மறுநாள் அதை யாரிடமும் கொடுக்காமல் விமான நிலைய வாசல்வரை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.