விட்டு விட்டுப் பிடிக்கும் பிரேக்

காய்கறி ஏற்றும் எங்கள் பிக்கப் வண்டியில், எப்போதாவது ஒருமுறை பிரேக் பெடல் தரை வரை இறங்கி, மறுபடி மிதித்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் இறுகிவிடும். முழுதாகப் பிரேக் போன வண்டியை யாரும் எடுக்க மாட்டார்கள். இந்தக் கோளாறோ பட்டறை வாசலை மிதித்ததும் ஒளிந்துகொள்வதால், அதைவிட ஆபத்தானது என்றே நினைக்கிறேன்.

வெளியே எங்கும் கசிவில்லை, டப்பாவில் பிரேக் ஆயிலும் குறையவில்லை. எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை மென்மையாக அழுத்திப் பிடித்திருக்கச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். அது என் காலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்கியது. பெடலின் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து, அழுத்தம் சக்கரங்களுக்குப் போகாமல் உள்ளேயே நழுவுவதற்கு அதுவே அடையாளம். ஓங்கி மிதிக்கும்போது அந்த ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்வதால்தான் அவசரச் சோதனையில் இது சிக்குவதில்லை.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமையோடு இறங்கும்போது மட்டும் பிரேக் தளர்ந்தால், காரணம் வேறாக இருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். தொடர்ந்து பிரேக் பிடிக்கும் சூட்டில் ஆயில் கொதித்து எழும் ஆவியால் பெடல் பஞ்சுபோலாகி, சூடு ஆறியதும் தானாகவே சரியாகிவிடும். இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குவது இதற்காகவும்தான்.

ரப்பரை மட்டும் மாற்றினால் போதுமென்று சிலர் சொன்னார்கள்; சிலிண்டரின் உட்சுவரில் கீறல் தெரிந்ததால் நான் ஒப்பவில்லை. சிலிண்டரையே மாற்றி, பழைய ஆயிலை முழுதும் வடித்து, புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக் குழாய்களிலும் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். அதுவரை சரக்கு வாடகை வண்டியில்தான் போனது.