அண்ணியும் நானும் நீச்சல் குளமும்

ஏப்ரல் 7, செவ்வாய்
ஒருவழியாக அண்ணியைக் கிளப்பிவிட்டேன். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு கூடிவிட்டது, பயம் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துத்தான் நடை. "இந்த வயசுல நீச்சலுடையா? நீ வேணா போ" என்றார். கையும் காலும் முழுக்க மூடும் உடையை வாங்கிக் காட்டினேன். இங்கே சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரக் குளத்தில் மலாய்க்கார அம்மாக்கள் பலரும் அதைத்தான் போடுகிறார்கள். நீந்தத் தெரியவேண்டியதில்லை, நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றால் போதும்.

ஏப்ரல் 9, வியாழன்
இடுப்பளவுத் தண்ணீரில் உடல் எடையில் பாதிதான் காலுக்கு. நெஞ்சளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அண்ணியின் முட்டி இன்று முனகவே இல்லை. பக்கவாட்டில் நடந்தோம், ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்து நடந்தோம், பின்பக்கமாகவும் நடந்தோம். தரையில் அண்ணியைப் பின்பக்கமாக ஓரடி வைக்கச் சொன்னால் சண்டைக்கு வருவார்! தண்ணீரில் தடுமாறினாலும் மெதுவாகத்தான் சாய்கிறோம். அதற்குள் கால் ஊன்ற இடம் பார்த்துக்கொள்கிறது.

குளத்தில் இறங்கினால் சிறுநீர் முட்டும். தண்ணீரின் அழுத்தத்தில் கால் ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறுவதால், நீர் கூடிவிட்டதாக உடம்பு நினைத்துச் சிறுநீரைக் கூட்டுகிறது. போய்விட்டு இறங்குவது நல்லது.

ஏப்ரல் 14, செவ்வாய்
புத்தாண்டு. பாயசம், வடை. குளம் இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்
பயிற்சி தரும் சீனப் பெண் இன்று எங்களை வட்டமாக ஓடவிட்டாள். தண்ணீரும் கூடவே சுழல ஆரம்பித்ததும், "ஆன்டி, திரும்புங்க!" என்று ஒரு கத்தல். நாங்களே கிளப்பிய சுழல் எங்களையே தள்ளியது. அண்ணி வயிற்றை இறுக்கி, முட்டியை லேசாக மடக்கி நின்றார். கை என் தோளைத் தேடியது, ஆனால் பிடிக்கவில்லை. பேருந்து குலுங்கும்போது நிற்க வேண்டியதும் இப்படித்தானே.

ஏப்ரல் 21, செவ்வாய்
பாதியில் மின்னல் எச்சரிக்கை ஒலித்தது, எல்லோரும் மேலே. ஏறும்போதுதான் உடம்பின் கனம் தெரிகிறது, கைப்பிடியை விடக்கூடாது. சும்மா உட்காரவும் விடவில்லை அந்தப் பெண். பெஞ்சில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னாள். என்னைக் கேட்டால் இதுவும் வேண்டும். தண்ணீர் எடையை வாங்கிக்கொள்வதால் எலும்புக்குத் தேவையான சுமை அங்கே குறைவு. நாம் நடமாடுவதும் தரையில்தானே. "பத்து தடவை" என்றாள். அண்ணி எட்டில் நிறுத்திவிட்டு, "மழை விட்டுடுச்சா பாரு" என்றார்.