பச்சைக் கயிறுகள் தெரிந்த நாள்

செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தேன். முதல் இரண்டு முறையும் நீலம் மட்டும்தான் தெரிந்தது. டேபி என்ற நீலச் சாயம் போட்ட நியூக்ளியஸ்கள் (செல் கருக்கள்) பளிச்சென்று இருந்தன. ஆக்டின் தெரிய வேண்டிய பச்சையில் வெறும் மங்கல். நாகர்கோவிலில் எங்கள் லேபில் ஒளிரும் சாயங்களைக் காட்டும் ஃபுளோரசன்ஸ் மைக்ராஸ்கோப் இல்லாததால், ஸ்லைடுகளை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸ் டப்பாவில் வைத்து, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போய்த்தான் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சீனியர் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எதுல மக்களே ஃபிக்ஸ் பண்ணுன?"

ஃபிக்ஸ் என்றால் செல்களை இருந்த நிலையிலேயே நிலைநிறுத்துவது. நான் செய்தது குளிர்ந்த மெத்தனாலில். மைக்ரோடியூபுல் என்ற வேறொரு வகை இழைக்குச் சாயமேற்ற லேபில் வைத்திருந்த குறிப்பையே பின்பற்றியிருந்தேன். ஆக்டினில் ஒட்டிக்கொள்ளும், பச்சைச் சாயம் சேர்த்த ஃபாலாய்டினின் ஸ்டாக்கே (அடர் கரைசல்) மெத்தனாலில்தானே கரைத்திருக்கிறது, அப்புறம் என்ன என்று நினைத்துவிட்டேன். ஸ்டாக்கை 40 மடங்கு நீர்க்கச் செய்வதால், ஏற்கெனவே ஃபிக்ஸ் ஆன செல்லை அந்தக் கொஞ்சம் மெத்தனால் ஒன்றும் செய்யாது. ஆனால் செல்லையே மெத்தனாலில் முக்கினால் ஆக்டின் புரதத்தின் வடிவம் குலைந்துவிடும். ஃபாலாய்டின் போய் உட்காருவது இழையில் அடுத்தடுத்த ஆக்டின்கள் சேரும் இடுக்கில். வடிவம் போனால் இடுக்கும் போயிற்று.

மூன்றாம் முறை பாராஃபார்மால்டிஹைடு தூளை, நச்சுப்புகையை உறிஞ்சும் ஃபியூம் ஹூடுக்குள் 60 டிகிரி சூட்டில் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கரைத்து, 4 சதவீதமாகப் புதிதாகத் தயாரித்தேன். கடையில் வாங்கும் ஃபார்மலினிலும் பெரும்பாலும் மெத்தனால் கலந்திருக்கும். அதனால்தான் இந்தப் பாடு. 15 நிமிடம் ஃபிக்ஸ், செல் சவ்வில் துளை போட 0.1 சதவீத ட்ரைட்டானில் 5 நிமிடம், பிறகு சாயம் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க பிஎஸ்ஏ புரதம். கழுவும்போது பிபிஎஸ்ஸைச் செல்கள் மேல் நேராக ஊற்றாமல் கிண்ணத்தின் ஓரமாக விட்டேன்.

ஃபாலாய்டின் விலை அதிகம், கொடிய விஷக் காளானிலிருந்து வந்த பொருளும்கூட. கையுறையோடு பாராஃபிலிம் என்ற மெழுகுத் தாளில் ஒரு சொட்டு வைத்து, செல்கள் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பை இடுக்கியால் தூக்கி, செல் இருக்கும் பக்கம் கீழே வரும்படி மெல்லச் சாய்த்தேன். சொட்டு ஓரம் வரை தானே பரவியது. அரை மணி நேரம் இருட்டில் விட்டேன்.

அன்று திருவனந்தபுரத்தில் ஃபோகஸ் திருகைத் திருப்பியதும் பச்சைக் கோடுகள் எழுந்து வந்தன. ஒவ்வொரு ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லிலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்துக் கட்டிய கயிறுகள். ஒற்றை ஆக்டின் இழை 7 நானோமீட்டர்தான், இந்த மைக்ராஸ்கோப்பில் பிரித்துப் பார்க்க முடியாது. தெரிவதெல்லாம் பல இழைகள் சேர்ந்த கட்டு. அந்த ஒற்றை இழையும் இரண்டு புரி முறுக்கியதுதான். எங்கள் ஆச்சி தொடையில் வைத்துத் திரிக்கும் தென்னங்கயிறு மாதிரியே. இருட்டறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியதாயிற்று.